ரெண்டு புள்ளி நாலு முனியசாமி

“அஞ்சு பெருசு, ரெண்டு சிறுசுன்னு இந்தச் சனத்துக்கு எவஞ் சொல்லிக் குடுத்தான்?”

முனியசாமி இதைச் சொல்லாத நாள் கிடையாது. காலை பதினோரு மணிக்குள் ஒரு தரம், சாயங்காலம் கூட்டம் வரும்போது இரண்டு மூன்று தரம். யாராவது ஒருவர் முந்தாநாள் வாங்கிப்போன ஸ்மார்ட் வாட்சைப் பெட்டியோடு கொண்டுவந்து கண்ணாடி மேசைமேல் டொக்கென்று வைத்து, “வைஃபை புடிக்கவே மாட்டேங்குது, டூப்ளிகேட்டக் குடுத்துட்டீங்க” என்று ஆரம்பிப்பார். முனியசாமி முதலில் மேசைக் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். வந்தவர் நிமிர்ந்து பார்த்ததும், மேசை விளக்கின் கழுத்தைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி வைத்துக்கொள்வார். அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பக்கத்து மேசையில் போன் உறை விற்கும் சரவணகுமார், “அண்ணாச்சி போட்டோவுக்கு ரெடியாயிட்டாரு, யாராச்சும் எடுத்துக்கங்கப்பா” என்பான். பெரம்பலூர்க்காரன், வாய் சும்மா இருக்காது. முனியசாமி அவன் பக்கம் திரும்புவதே இல்லை.

“வீட்டு நெட்டுக்கு என்ன பேரு வச்சிருக்கிய?”

வந்தவர் பெயரைச் சொல்வார்.

“கடேசில அஞ்சு ஜீன்னு வருதா?”

“ஆமா, ஃபைவ் ஜி.”

“அந்த அஞ்சு இல்லாம இன்னொண்ணு இருந்துருக்குமே?”

“அது ஸ்லோன்னு ஆஃப் பண்ணிட்டோம்.”

இங்கேதான் அந்தப் புலம்பல் வரும்.

விஷயம் இவ்வளவுதான். வீட்டு மூலையில் விளக்கு மின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நெட் பெட்டி இரண்டு அலைவரிசையில் பேசும். ஒன்று இரண்டு புள்ளி நாலு, மற்றது ஐந்து. இப்போதைய போன்களுக்கு இரண்டும் புரியும். கையில் கட்டுகிற வாட்சுகள் பலவற்றுக்கு இரண்டு புள்ளி நாலு மட்டும்தான் புரியும். நம் ஆட்கள் ஐந்து என்ற எண்ணைப் பார்த்தவுடன், போனில் வரும் ஃபைவ் ஜி இதுதான் என்று தாமாக முடிவு கட்டிக்கொண்டு, மற்றதை அணைத்துவிடுகிறார்கள். அப்புறம் வாட்சைத் திட்டுகிறார்கள்.

“அது வேற அஞ்சு, இது வேற அஞ்சு,” என்பார் முனியசாமி. “எங்க ஊர்ல தெருவுக்கு நாலு முனியசாமி. கூப்புட்டா நாலு பேரும் நானா?”

சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் ‘2.4 ON’ என்று எழுதியும் கொடுப்பார். அவர் பேனாவில் புள்ளி சரியாக விழாது. அப்படி ஒரு சீட்டை மனைவியின் கைப்பையில் பார்த்த ஒரு கணவர், இருபத்துநாலு காரட்டில் ஏதோ கேட்கப் போகிறாள் என்று பயந்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்த அம்மாளே கடைக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். முனியசாமி சிரிக்கவில்லை. பேனாவை மாற்றினார். புதுப் பேனாவிலும் புள்ளி விழுவதில்லை.

துபாய் குசைஸில் எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, சலூனுக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த மொபைல் கடை. நுழைந்ததும் இரண்டு பக்கமும் போன்கள். கடைசியில், ஏசியின் காற்று வராத மூலையில், ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு கண்ணாடி மேசை. அதுதான் முனியசாமியின் இடம். நாற்பத்தாறு வயது. விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். ஒல்லியான உடம்பு, நடக்கும்போது வலது முழங்கால் கொஞ்சம் பின்தங்கி வரும். ஒன்பது வருடம் கட்டடம் கட்டடமாக இன்டர்நெட் கேபிள் இழுத்தவர். ஏணியோடு விழுந்து முழங்கால் போனதும் கம்பெனி ‘கலாஸ்’, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. ஊருக்குப் போகாமல் இந்தக் கடைக்கு விசா மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு கையிலும் வாட்ச் கட்டியிருப்பார். வலது கையில் இருப்பது மணி பார்க்க. இடது கையில் இருப்பது கீறல் விழுந்த பழைய ஸ்மார்ட் வாட்ச். அதற்கு மணி காட்டும் வேலையே கிடையாது. “இது மோப்ப நாயி அக்கா” என்று என்னிடம் சொன்னார். யார் வீட்டில் எந்த மூலையில் நெட் வருகிறது, எங்கே நிற்கிறது என்று மோந்து பார்க்க வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே நடப்பதால், தெருவில் போகிறவர்களுக்கு அவர் எப்போதும் டியூட்டிக்கு லேட்டாகப் போகிறவர் போலத் தெரிவார்.

நான் அவரை முதலில் பார்த்தது சண்டை போடப் போனபோது. கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் வாங்கித் தந்த வாட்ச் மூன்றாம் நாளே நெட்டைப் பிடிக்காமல் மக்கர் செய்தது. பில்லை எடுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். அந்த நாட்களில் அவர் தலையை நிமிர்த்தவே மாட்டார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, யாருடைய வாட்சையோ பிரித்து வைத்துக்கொண்டு, மேசையைப் பார்த்தே பேசுவார். நெட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

“அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் வச்சது.”

“வீட்டுக்காரரு வச்சிட்டா தப்பில்லன்னு ஆயிருமாக்கா?”

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

இன்னொரு நாள் லேபர் கேம்ப்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்ப ஒரு வாட்ச். பளபளவென்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார், கிட்டத்தட்ட வாங்கிவிட்டார். முனியசாமி கேட்டார், “வீட்ல போன எங்க வைப்பாக?”

“சாமி ரூம்ல, சார்ஜ்ல கிடக்கும்.”

“அவுக எங்கன இருப்பாக?”

“பகல்ல மாட்டுக் கொட்டகையில.”

“அப்ப இது வேண்டாம். இதுல வைஃபையே கிடையாது, புளூடூத் மட்டுந்தான். போன விட்டு நாலு சொவரு தள்ளிப் போனா இது வெறும் வளையலு.”

அந்த மனிதர் வளையலே வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். கல்லாவில் இருந்த மலையாளி முதலாளி முனியசாமியைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “விக்கத்தான் உன்ன வச்சேன், பாய். வேண்டாம்னு சொல்றதுக்கு வேற ஆள் வச்சுக்கறேன்” என்றார். முனியசாமி, “நாளக்கித் திருப்பிக் கொண்டாந்தா நீங்கதான சேட்டா வாங்கணும்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அஸ்மத் பீவியை நான் அவரிடம் அழைத்துப் போனது போன அக்டோபரில்.

அஸ்மத் பீவி எங்கள் தளத்தில் எதிர் பிளாட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். பிளாட் கல்யாணசுந்தரம் என்கிற இன்ஜினியருடையது. அதாவது அவர் பேரில் வாடகை. அவரும் மனைவி பிரபாவதியும் இரண்டு அறையில், அஸ்மத்தும் புருஷன் கௌஸ் முகம்மதுவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு அறையில். கௌஸ் முகம்மதுக்குக் குடோன் வேலை. உள்ளே போகும்போதே போனைப் பூட்டி வைத்துவிட வேண்டும். அஸ்மத் தையல் தைப்பாள். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போனவள். பேசுவாள். உரக்கவும் இல்லாமல் மெல்லவும் இல்லாமல் ஒரே மட்டத்தில் வரும் குரல். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். கண் பார்க்காத பேச்சு அவளுக்கு இல்லாத பேச்சு.

மூத்தவள் ருமைஸா கேஜி படிக்கிறாள். பள்ளிக்கூட பஸ் ஒரு மணியை ஒட்டி வரும். ஒட்டி என்றால் பத்து நிமிடம் முன்னேயும் வரும், அரை மணி பின்னேயும் வரும், எல்லாம் ஷார்ஜா ரோட்டு நெரிசலின் கையில். வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பஸ்சில் இருக்கும் ஆயா ஒரு தகவல் அனுப்புவாள். கேட்டில் அம்மா அட்டையோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விடுவார்கள். ஒரு தரம் நான் ஓடிப்போய்க் கேட்டேன். அட்டையில் யார் படமோ அவர்தான் வர வேண்டும் என்று ஆயா சொல்லிவிட்டாள். அவள் வேலை அது, குற்றம் சொல்ல முடியாது.

இப்படி இரண்டு தரம் ஆகிவிட்டது. மூன்றாம் தரம் ஆனால் அந்த டெர்முக்கு பஸ் கிடையாது என்று கடிதம் வந்தது. எட்டு மாதக் கைக்குழந்தையோடு அஸ்மத்தால் தினம் பள்ளிக்கூடம் போய் வர முடியாது. கௌஸ் முகம்மது முடிவே கட்டிவிட்டான். “பஸ் நின்னுச்சுன்னா மூணு பேரும் ஊருக்கு, தொண்டிக்கே போயிடுங்க. என்ன பண்றது, தலையெழுத்து.”

அவளுக்குத் தகவல் தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. அவள் போன் பழசு, சார்ஜரை விட்டு எடுத்தால் ஐந்து நிமிடத்தில் உயிர் போய்விடும். அதனால் அது அறையில், பிளக்கிலேயே தொங்கும். பகிர்ந்து இருக்கிற பிளாட்டில் அடுப்புக்கும் டைம் உண்டு. பிரபாவதி காலை எட்டுக்குள் சமைத்துவிட்டு கிளினிக் வேலைக்குப் போய்விடுவாள். அஸ்மத்தின் நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. பஸ் வரும் நேரமும் அதேதான். போன் ஒரு கோடியில், அவள் மறு கோடியில். இதற்காகத்தான் கௌஸ் முகம்மது கையில் துடிக்கிற மாதிரி ஒரு வாட்ச் வாங்கித் தந்தான். அறைக்குள், போன் பக்கத்தில் இருந்தால் புளூடூத்தில் துடித்தது. சமையலறைக்குப் போனால் செத்துப்போனது.

கடையில் முனியசாமி வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். அஸ்மத், “என்ன சொன்னீங்க?” என்றாள். அவர் மறுபடியும் மேசையிடம் சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள். சரவணகுமார், “அக்காவுக்கு மைக் வேணும்போல” என்று இளித்தான். நான் முனியசாமியிடம், “முகத்தப் பாத்துப் பேசுங்க. உதட்டப் பாத்தாதான் அவளுக்குப் புரியும்” என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். ஆனால் வாயில் பாதி வந்துவிட்ட வாக்கியத்தை நிறுத்தத் தெரியவில்லை. தினம் நூறு தரம் சொல்லிப் பழகிய வாக்கியம் அது.

“…இது அஞ்சுக்குச் செவிடு, தங்கச்சி.”

சரவணகுமார்கூட இளிப்பை நிறுத்திவிட்டுப் போன் உறையை அடுக்க ஆரம்பித்தான். அஸ்மத் வாட்சைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“நானும்தான்,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

முனியசாமி சிரிக்கவும் இல்லை, மன்னிப்பு கின்னிப்பு என்று கையைப் பிசையவும் இல்லை. பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் முகத்தைப் பார்த்து, “அஞ்சு இதுக்குச் சேராது” என்று மாற்றிச் சொன்னார். “சில ஒடம்புக்குப் பாலு சேராதுல்ல, அப்புடி.” அன்றைக்குப் பிறகு அந்தப் பழைய வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. சேராது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார். “வீட்ட வரைங்க. சொவரு எத்தன, பிரிட்ஜு எங்கன, கண்ணாடி பீரோ எங்கன.” எந்த வாடிக்கையாளரையும் இவர் வீட்டை வரைய வைக்காமல் விடுவதில்லை. குசைஸில் பாதிக் குடும்பங்களின் வீட்டுப் படம் அவர் டிராயரில் இருக்கிறது. அஸ்மத் தையல்காரி, அளவோடு வரைந்தாள். அவர் விரலை வைத்து எண்ணினார். மூன்று சுவர், ஒரு பிரிட்ஜ். நெட் பெட்டி கல்யாணசுந்தரத்தின் அறையில். பெயரில் கடைசியில் அஞ்சு ஜீ.

அன்று மக்ரிப் தொழுகை நேரத்தில், கடையில் ஆள் இல்லாதபோது, மேசையைச் சரவணகுமாரிடம் விட்டுவிட்டு முனியசாமி பிளாட்டுக்கு வந்தார். கல்யாணசுந்தரம் நல்ல மனிதர்தான், ஆனால் இன்ஜினியர்.

“நான் ஸ்பெஷலா ஃபைவ் மட்டும் வச்சிருக்கேன். எனக்கு மீட்டிங் எல்லாம் வீட்லேர்ந்து. ரெண்டையும் ஆன் பண்ணா ஸ்பீட் போயிடும்.”

“ரெண்டும் தனித்தனி ரோடு சார்.”

“எனக்குத் தெரியும்ங்க. ஐ ஆம் அன் இன்ஜினியர்.”

“நீங்க சொல்லுததுதான் சரியா இருக்கும். நான் கேபிளு இழுத்தவன். ஒரே ஒரு தரம், போன்ல ஒரு வீடியோவ ஓட விட்டு, பாத்துக்கிட்டே கிச்சன் வரைக்கும் நடங்க. தப்புன்னா நான் போயிருதேன்.”

முனியசாமி யாரோடும் வாதம் செய்வதில்லை. நடக்க வைத்துவிடுவார். கல்யாணசுந்தரம் நடந்தார். பிரிட்ஜைத் தாண்டியதும் வீடியோ சுற்ற ஆரம்பித்தது.

“இங்க எப்பவும் நிக்கும்,” என்றார்.

“எப்பவுமா?”

“ஆமா. அதனாலதான் கிச்சன் பக்கமே வர்றதில்ல.”

“ஓ, அதனாலதானா?” என்றாள் பிரபாவதி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அஞ்சு வேகமா ஓடுவான் சார், சொவத்துல முட்டி நின்னுருவான். ரெண்டு புள்ளி நாலு நடந்துதான் வருவான், ஆனா சொவரத் தாண்டி வருவான். இந்த வாச்சு என்ன, சினிமாவா பாக்கப் போவுது? ஒரு வரித் தகவலு.”

“ஆன் பண்ணித்தான் விடுங்களேன், பாவம் அந்தப் பொண்ணு,” என்றாள் பிரபாவதி.

“பாவத்துக்குன்னு வேண்டாம்மா,” என்றார் முனியசாமி. “அதுதான் சரின்னு போடச் சொல்லுங்க.”

போட்டார்கள். தனிப் பெயர் வைக்கலாம் என்றார் முனியசாமி. அஸ்மத்தைக் கேட்டபோது அவள் ஒரே வார்த்தை எழுதினாள்: BUS. சமையலறையில் நின்று சோதித்துப் பார்த்தோம். வாட்ச் துடித்தது. அஸ்மத் மணிக்கட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு போயிருப்பார்கள்.

முனியசாமி மறுநாளும் வந்தார். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை அடைப்பு. எட்டுப் பேர் படுக்கிற ரூமில் அந்த மூன்று மணி நேரத் தூக்கம் அவருக்குப் பெரிய சொத்து. “சாயங்காலம் புடிச்சது மத்தியானம் புடிக்கணும்னு இல்லக்கா. பஸ்சு வார நேரத்துல பாத்தாத்தான் மனசு ஆறும்” என்றார். முதலாளியிடம் கேட்டுப் பன்னிரண்டே முக்காலுக்கே கிளம்பி வந்துவிட்டார். அன்னிய ஆண் வருகிறார் என்று அஸ்மத் என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் எங்களுக்கு முதுகு காட்டி அடுப்பில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தாள். முனியசாமி தன் மோப்ப நாயையும் BUS-இல் இணைத்துக்கொண்டு, மணிக்கட்டைப் பார்த்தபடி நின்றார்.

பிரபாவதிக்கு அன்று பாதி நாள்தான் டியூட்டி. உள்ளே வந்தாள், பிரிட்ஜிலிருந்து சாம்பார் சாதத்தை எடுத்தாள், மைக்ரோவேவில் வைத்து ஆறு நிமிடம் அமுக்கிவிட்டுக் கை கழுவப் போனாள். மைக்ரோவேவ் இருந்தது அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி.

முனியசாமி மணிக்கட்டை முகத்தருகே கொண்டுபோனார். தட்டினார். ஒரு அடி முன்னால் போனார், ஒரு அடி பின்னால் வந்தார். இப்படியே நாலைந்து நிமிடம் போனது. பிறகு உர்ரென்று ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

“அடப்பாவி, மைக்ரோவேவு,” என்றார். “இதுவும் அதே ரோட்டுலதான்க்கா கத்தும். நெட்டு போச்சு.”

“பஸ் வந்துருச்சா?”

“தெரியலயே. அதான பயம்.”

குழந்தையோடு என்னால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. அஸ்மத்துக்கு நாங்கள் பேசுவது தெரியாது, புரோட்டாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முனியசாமி கையை நீட்டினார். தோளுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. இன்னொருவன் மனைவி, தொட முடியாது. அந்தக் கை அப்படியே கீழே இறங்கி கிரானைட் மேடையில் இரண்டு அறை அறைந்தது. பட், பட். தட்டில் இருந்த கரண்டி துள்ளியது.

அவள் திரும்பினாள். ஜன்னலை அவர் மறைத்து நின்றதால் முகம் இருட்டாக இருந்திருக்க வேண்டும். அவள் கண்ணைச் சுருக்கினாள். அவர் ஒரு எட்டு விலகி வெளிச்சத்துக்கு வந்து, வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னார்.

“பஸ்சு வந்துச்சோ வரலயோ, ஓடுங்க.”

அஸ்மத் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கையில் மாவு, காலில் செருப்பு இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பஸ் கேட்டில் நின்றுகொண்டிருந்தது. கதவு மூடிவிட்டது. நகர ஆரம்பித்துவிட்டது. அஸ்மத் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையால் அறைந்தாள். இரண்டு அறை. பஸ் நின்றது.

மேலே மைக்ரோவேவ் டிங் என்றது. முனியசாமியின் மணிக்கட்டில் உயிர் வந்தது. பிறகு அஸ்மத்தின் வாட்சில் பார்த்தபோது, ஆயா தகவல் அனுப்பி ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

பிரபாவதிக்கு முகமே இல்லை. “சாதம் சூடு பண்ணது ஒரு தப்பாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “நேத்தே நான் கேட்டிருக்கணும்மா. சொவரு கேட்டேன், பிரிட்ஜு கேட்டேன், இதக் கேக்கல. தப்பு எம்மேல,” என்றார் முனியசாமி. சொல்லிவிட்டு, அந்த முழங்காலோடு மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. விருந்தாளிகள் கேட்டால் கல்யாணசுந்தரம் பத்து நிமிடம் விளக்கம் சொல்கிறார், தானே கண்டுபிடித்த மாதிரி.

அஸ்மத் கொடுத்த புரோட்டாவை முனியசாமி நின்றுகொண்டே தின்றுவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு அந்த வாட்ச் ஒரு நாளும் பஸ்சைத் தவறவிடவில்லை. ருமைஸா அதே பஸ்சில்தான் போகிறாள். தொண்டிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கௌஸ் முகம்மது ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து, எதுவும் சொல்லத் தெரியாமல் இரண்டு போன் உறை வாங்கிக்கொண்டு போனான். அவன் வாங்கிய உறை எதுவும் அவன் போனுக்குப் பொருந்தாது என்று சரவணகுமார் இன்னமும் சொல்லிச் சிரிப்பான்.

மோப்ப நாயின் வார் அறுந்து, அவர் கேபிள் டேப் சுற்றி வைத்திருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அஸ்மத் ருமைஸாவின் யூனிபார்ம் துணியில் மிச்சம் இருந்த நீலக் கட்டத்தில் ஒரு வார் தைத்துக் கொடுத்தாள். “அண்ணாச்சி எந்த கிளாஸு?” என்று சரவணகுமார் கேட்டதற்கு, “ஒனக்கு டீச்சரு” என்றார். நான் கேட்ட அவருடைய ஒரே நகைச்சுவை அது.

கண்ணாடியைத் தட்டுவதும் விளக்கைத் திருப்புவதும் அன்றைக்குப் பிறகு வந்த பழக்கங்கள். முதலில் அஸ்மத் வரும்போது மட்டும் செய்தார். போகப் போக எல்லாருக்கும். காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“யாருக்குக் கேக்கும், யாருக்குக் கேக்காதுன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?” என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டு, “ஒங்க வீட்ல இப்ப ரெண்டும் ஆன்ல இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். நம்பவில்லை. என் வாட்சைக் கழற்றி வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

குசைஸ் பக்கம் இருக்கிறவர்கள், வருகிறவர்கள் ஒருமுறை போய் அவரைப் பாருங்கள். வாட்ச் வாங்க வேண்டும் என்று இல்லை. வாங்கப் போனாலும் பாதி நேரம் வேண்டாம் என்றுதான் சொல்வார். உங்கள் நெட் பெட்டியின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள், மைக்ரோவேவ் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் திட்டு விழும். சரவணகுமார் ஏதாவது சொல்வான், காதில் வாங்காதீர்கள். நேராகக் கடைசி மேசைக்குப் போங்கள். அவர் குனிந்து யாருடைய வாட்சையோ பிரித்துக்கொண்டிருப்பார். அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டாம். கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

பூதக்கண்ணாடியைக் கழற்றி வைப்பார். விளக்கின் கழுத்தைப் பிடித்து, வெளிச்சத்தை வாட்சிலிருந்து எடுத்து, தன் உதட்டின் மேல் வைப்பார்.